வண்டி கழித்த எடை

அந்த வீட்டு ஹாலில் மாட்டியிருந்தது ஒரே ஒரு போட்டோ. அதில் ஒரு குழந்தை தராசுத் தட்டில் உட்கார்ந்திருக்கும். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கும். தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு சிவப்பு ரிப்பன். பால்பவுடர் கம்பெனிக்காரர்கள் நடத்திய கொழுகொழு குழந்தைப் போட்டியில் முதல் பரிசு. பரிசாகக் கிடைத்தது ஓர் அட்டைப்பெட்டி நிறைய அதே பால்பவுடர். நியாயமாகப் பார்த்தால் அதைக் கடைசியாக வந்த குழந்தைக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். கம்பெனிக்காரன் என்றைக்கு நியாயம் பார்த்தான்.

ரிப்பன் கட்டிய அந்தக் குழந்தைதான் பீப்பா. பள்ளிக்கூடப் பதிவில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பீப்பாவுக்கு முன்னால் அம்மாவுக்கு இன்னொரு குழந்தை இருந்தது. அது எடை போடவில்லை. வாராவாரம் கிளினிக்கில் தட்டில் வைப்பார்கள். நர்ஸ் முதலில் முள்ளைப் பார்ப்பாள், பிறகு அம்மாவைப் பார்ப்பாள். ஒரு வாரம் தட்டில் வைக்கக் குழந்தை இல்லை. இதைப் பற்றி அம்மா வாயே திறந்ததில்லை. அப்பா ஒருமுறை சொல்லித்தான் பீப்பாவுக்குத் தெரியும். அப்பா ஒரு கிடங்கில் இரவுக் காவல். பகல் முழுக்கத் தூங்குகிறவர் என்பதால் அவர் எதையும் ஒருமுறைதான் சொல்வார்.

அதனால் அடுத்துப் பிறந்தவளை அம்மா விடவில்லை. அழுதாலும் பால், சிரித்தாலும் பால். தட்டில் மிச்சம் வைத்தால் அம்மாவின் முகம் மாறிவிடும். அந்த முகத்தைப் பார்ப்பதைவிட இன்னும் நாலு வாய் தின்றுவிடுவது சுலபம் என்று பீப்பா சின்ன வயதிலேயே கண்டுகொண்டாள். பன்னிரண்டு வயதில் அவளுக்கு அம்மாவின் ஜாக்கெட் பத்தவில்லை.

பள்ளியில் வருஷத்துக்கு ஒரு தடவை விளையாட்டு வாத்தியார் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி எடை பார்ப்பார். எடையை உரக்கச் சொல்வார், ஒரு பையன் எழுதுவான். பீப்பாவின் முறை வந்தால் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். “சார், மெஷினுக்கு வீடு வாசல் இருக்குதா? கடைசியா வந்து பாக்கச் சொல்லி அனுப்பிச்சிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் அவள் ஏறுவாள். அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் அவளே சிரிக்க வைத்துவிடுவாள். இந்தத் தொழிலில் அவள் நாளடைவில் கெட்டிக்காரியானாள். பெஞ்சில் பசை தடவுவாள். தலைமையாசிரியரின் குடைக்குள் சாக்பீஸ் தூளை நிரப்பி வைப்பாள். மழை வந்த அன்றைக்கு அவர் மாவில் புரட்டிய மாதிரி வகுப்புக்குள் வந்தார். பீப்பா சொல்வதை யாரும் நிஜமென்று எடுத்துக்கொள்ளாத காலம் அங்கேதான் தொடங்கியது.

அவள் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வருஷம் வீட்டில் ஒரு தங்கச்சி பிறந்தாள். யாருமே எதிர்பார்க்கவில்லை, அம்மா உட்பட. அவள் பெயர் கடைக்குட்டி. தேர்வு முடிவும் வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பீப்பா ஒரு பெரிய சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அது ஓட்டல்களுக்குத் துவைக்கிற இடம். லாரியில் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்பும் துண்டும் மேஜை நாப்கினும் வரும். மூட்டைகளைத் தள்ளுவண்டியோடு எடை மேடையில் ஏற்றுவார்கள். வண்டிக்கும் ஓர் எடை உண்டு அல்லவா, அதற்காகக் காலையிலேயே மேடைக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகி முள்ளை அவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளி வைத்துவிடுவார்கள். அப்போது முள் காட்டுவது துணியின் எடை மட்டும். இதற்கு அங்கே ‘வண்டி கழிக்கிறது’ என்று பேர். புதிதாக வந்தவர்களுக்கு முதலில் கொடுக்கிற வேலை இது. பீப்பா பல வருஷம் ஆன பிறகும் இதை விடவில்லை. திருகுகிற எதுவும் அவளுக்குப் பிடிக்கும்.

ஈரத் துணியை இழுத்து இழுத்து, நீராவியில் வெந்து வெந்து, அவள் உடம்பு இறங்கியது. யாரும் சொல்லி இறங்கவில்லை. ஒருநாள் கண்ணாடியில் பார்த்தால் கழுத்து இருந்தது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். பீப்பா என்ற பெயர் மட்டும் இளைக்கவில்லை. தண்டவாளம் மாதிரி ஒருத்தியை பீப்பா என்று கூப்பிடுவதில் சலவைக் கூடத்துக்கே ஒரு சந்தோஷம் இருந்தது.

இருபத்தெட்டு வயதில் அவளுக்கு வலது கண்ணில் கண்கட்டி வந்தது. கண் வீங்கி மூடிக்கொண்டது. பஞ்சை வைத்து ஒட்டிக்கொண்டு ஒற்றைக் கண்ணோடு வேலைக்கு வந்தாள். இடது கண்ணை அசைத்தாலும் உள்ளே வலித்தது. அடுத்த வீட்டுச் சண்டை இந்த வீட்டில் கேட்பது மாதிரி கட்டியின் வலிதான் அங்கேயும் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவளுக்குப் பிரிக்கிற மேஜை. வெள்ளை ஒரு பக்கம், கலர் ஒரு பக்கம். சந்தனக் கலர் துண்டுகள் சாயம் விடாது என்பதால் அவை வெள்ளையோடு போகும். ஓர் ஓட்டலிலிருந்து புத்தம் புதிய சிவப்பு நாப்கின்கள் வந்திருந்தன. பீப்பா அவற்றில் ஒரு கட்டை எடுத்துச் சந்தனத் துண்டுகளோடு வெள்ளையில் போட்டாள். மெஷின் கதவைத் திறந்தபோது ஓட்டலின் ஒரு மாடி முழுக்க விரிக்கிற படுக்கை விரிப்பு ரோஜா நிறத்தில் வந்தது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். சட்டையிலிருந்து குணம் வரை எல்லாம் விறைப்பாக இருப்பதால் அவருக்குக் கஞ்சி என்று பெயர்.

“யாரு பிரிச்சது?”

“நான்தான் சார்.”

“கண்ணு தெரியலையா உனக்கு?” என்று ஒரு நாப்கினை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். “இது என்ன கலர்?”

“சந்தனக் கலர்.”

மடிக்கிற பெண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “கஞ்சிக்கு இன்னிக்கு நீர் ஊத்திட்டா பாரு” என்றாள் ஒருத்தி. கஞ்சிக்கு மூக்கு சிவந்தது.

“என்கிட்டயே விளையாடறியா?”

“விளையாடல சார். சந்தனக் கலர்தான். கொஞ்சம் அழுக்கா இருக்கு.”

இன்னும் சிரித்தார்கள். பீப்பாவுக்கு அப்போதுதான் லேசாகச் சந்தேகம் வந்தது. பஞ்சை எடுத்துவிட்டு, வீங்கிய கண்ணை இரண்டு விரலால் பிளந்து பார்த்தாள். நாப்கின் சிவப்பாக இருந்தது. அந்தக் கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தாள். சந்தனம். மறுபடி வலது. சிவப்பு. யாரோ சுவிட்ச் போட்டு அணைக்கிற மாதிரி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிப்பு ஒவ்வொருத்தராக நின்றது. கடைசியாக நிறுத்தியது கஞ்சியை வம்பிழுத்தவள்தான்.

கண் டாக்டர் பார்த்துவிட்டு ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். தலையைக் குழாய்க்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். மூளையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். “உள்ள ஏதோ இருக்குன்னு இப்பவாவது ஒத்துக்கறீங்களா” என்று பீப்பா வீட்டில் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

நோயின் பெயர் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். நரம்பின் மேலே, ஒயருக்கு இருப்பது மாதிரி ஓர் உறை உண்டு. கிருமி வந்தால் அடிக்க வேண்டிய உடம்பின் காவல்காரர்கள் ஆள் தெரியாமல் அந்த உறையைக் கடித்து வைக்கிறார்கள். கடிபட்ட இடத்தில் சேதி தடுமாறும். கண்ணுக்குப் போகிற நரம்பென்றால் சிவப்பு சந்தனமாகும், காலுக்குப் போகிறதென்றால் கால் மரத்துப்போகும். இந்த விளக்கம் அப்பாவுக்கு உடனே புரிந்தது. “ட்யூட்டில தூங்கறவனக்கூட வெச்சுக்கலாம். வீட்டுக்காரனயே அடிக்கிறவன வெச்சுக்க முடியாது” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அன்று அவர் பகலில் தூங்கவில்லை.

பாட்டிலில் மருந்து ஏற்றியதில் கண் பெரும்பாலும் திரும்பி வந்தது. காவல்காரர்கள் மறுபடியும் கடிக்காமல் இருக்க வேறு மருந்து தொடர்ந்து போட வேண்டும். சூடு ஏறினால் பார்வை கொஞ்ச நேரம் மங்கும், ஆறினால் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னதால், கஞ்சி அவளை நீராவிப் பக்கத்திலிருந்து எடுத்து, லாரி வந்து நிற்கிற காற்றோட்டமான வாசலில் எடை மேடைக்குப் போட்டார்.  மறுநாள் ஒரு மின்விசிறியும் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

வம்பு வந்தது டாக்டரம்மாவின் ஒரு கேள்வியில்.

“சின்ன வயசுல எடை எப்படி? பத்து, பதினஞ்சு வயசுல?”

“என் பேரே பீப்பா டாக்டர்.”

டாக்டரம்மா குறித்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, “அத எதுக்குக் கேக்கறீங்க?” என்றாள்.

“பெரிய காரணம் ஒண்ணுமில்லம்மா. வளர்ற வயசுல ரொம்ப குண்டா இருந்த பிள்ளைகளுக்கு, முக்கியமா பொண்ணுங்களுக்கு, இது வர வாய்ப்பு கொஞ்சம் கூடன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. சிலதுல ரெண்டு மடங்குன்னு வருது.”

“அவதான் இளைச்சிட்டாளே.”

“அப்புறம் இளைச்சா அந்த வயசு மாறாதில்ல. ஆனா கேளுங்க, ரெண்டு மடங்குன்னாலும் அது ரொம்பச் சின்னக் கணக்கு. குண்டா இருந்தவங்கள்லயும் கிட்டத்தட்ட எல்லாருக்குமே இது வர்றதே இல்ல. ஒல்லியா இருந்தவங்களுக்கும் வருது. பரம்பரை, ஒரு வைரஸ், வெயில் படாதது, சிகரெட், இப்படிப் பலது சேர்ந்து வர்றது. அதுல இதுவும் ஒண்ணு. அவ்வளவுதான்.”

டாக்டரம்மா இவ்வளவும் சொன்னார். அம்மா ‘ரெண்டு மடங்கு’ வரைக்கும்தான் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் போட்டோவைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் சொருகினாள். சுவரில் ஆணியும், அதைச் சுற்றி வெளுக்காத ஒரு சதுரமும் மிஞ்சின. மறுநாள் ஓர் எடை மெஷின் வாங்கி வந்து அந்தச் சதுரத்துக்குக் கீழே வைத்தாள். தரையில் வைத்து ஏறி நிற்கிற முள் மெஷின். ஏற வேண்டிய ஆள் கடைக்குட்டி.

கடைக்குட்டிக்கு அப்போது பதினொன்று முடிந்து பன்னிரண்டு. அக்காவின் பழைய கன்னம் அவளுக்கு வந்திருந்தது. தெருப் பையன்கள் சின்னப் பீப்பா என்று கூப்பிட ஆரம்பித்தபோது, பீப்பா அவர்களின் சைக்கிள்களில் காற்றைப் பிடுங்கிவிட்டு, “இந்த ஊர்ல பீப்பா ஒருத்திதான். பட்டா என் பேர்ல இருக்கு” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

தினமும் காலையில் பல் தேய்த்ததும் கடைக்குட்டி மெஷினில் ஏற வேண்டும். முள்ளைப் பார்த்துத்தான் தட்டில் விழும். முள் நேற்றைவிட ஒரு கோடு கூடியிருந்தால் பாதி. கூடவில்லை என்றால் முக்கால். ஊட்டி ஊட்டி வளர்த்த அதே கை இப்போது கரண்டியைத் திருப்பிச் சட்டிக்கே கொண்டுபோயிற்று. “அவளுக்கும் வந்துடக் கூடாதுடி” என்பாள் அம்மா. 

கடைக்குட்டி முதலில் சிரித்தாள். பிறகு சிணுங்கினாள். பிறகு சமர்த்தாகிவிட்டாள். பீப்பாவுக்குப் பிடிக்காமல் போனது அந்தச் சமர்த்துதான். பிள்ளை மதியச் சாப்பாட்டை அப்படியே தோழிகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். மெஷினில் ஏறுவதற்கு முன்னால் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். ஒரு சாயங்காலம் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, முடி எவ்வளவு வெயிட்டு இருக்கும்?”

“எதுக்குடி?”

“வெட்டிட்டா ஒரு கோடு குறையுமா?”

பீப்பா அவள் பின்னலைப் பிடித்து ஆட்டிவிட்டு, “இதுல பாதி பேன்தான். சீவினாலே குறையும்” என்றாள். கடைக்குட்டி சிரித்தாள். பீப்பா அன்றே அம்மாவிடம் பேசிப் பார்த்தாள். டாக்டரம்மா சொன்ன மிச்சத்தை எல்லாம் திரும்பச் சொன்னாள். “நீ எதத்தான் விளையாட்டில்லாம பேசியிருக்க” என்றாள் அம்மா.

பேச்சு எடுபடாத இடத்தில் பீப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மெஷினைப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கம் ஒரு சின்னப் பல்சக்கரம் இருந்தது.

மறுநாள் அம்மா குழாயடியில் பல் தேய்க்கிற நேரத்தில் அதைத் துளி திருகினாள். அடுத்த நாள் இன்னும் துளி. முள் இறங்கியது. அம்மாவுக்கு முகமெல்லாம் பல். முக்கால் தட்டு முழுத் தட்டானது. பீப்பா தன் திறமையை மெச்சிக்கொண்டு தினமும் சக்கரத்தைத் தொட்டுக் கும்பிடாத குறையாகத் திருகினாள். நிறுத்த வேண்டிய இடம் எது என்று அவள் யோசிக்கவில்லை. கலாட்டா பண்ணுகிறவர்கள் பொதுவாக அதை யோசிப்பதில்லை.

ஒரு கட்டத்தில் அம்மாவின் பல் மறைந்தது. தட்டில் இரண்டாம் தடவை விழுந்தது. மூன்றாம் தடவை விழுந்தது. முள் இறங்கிக்கொண்டே இருந்தது. அம்மா முள்ளைப் பார்த்தாள், கடைக்குட்டியைப் பார்த்தாள், மறுபடி முள்ளைப் பார்த்தாள். அந்த முகம் பீப்பாவுக்கு நன்றாகத் தெரிந்த முகம், தட்டில் மிச்சம் வைத்தால் வருகிற முகம். ஆனால் அதன் மூலப் பிரதியை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். சரி, நாளைக்கு முள்ளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தாள். நாளைக்குத்தான் டாக்டரம்மாவிடம் போகிற நாள். அம்மா விடிவதற்குள் எழுந்து கடைக்குட்டிக்குத் தலை சீவி உட்கார வைத்திருந்தாள்.

“இவளையும் பாருங்கம்மா” என்று டாக்டரம்மாவின் அறையில் கடைக்குட்டியை முன்னால் தள்ளினாள். “திங்கத் திங்க உருகறா. என்னமோ ஆயிடுச்சு. ஒளிக்காம சொல்லுங்க.”

டாக்டரம்மா கடைக்குட்டியை அங்கிருந்த மெஷினில் ஏற்றினார். தோடு, பின்னல், செருப்பு எல்லாவற்றோடும். அம்மா சொன்ன எடையைக் கேட்டுவிட்டு மறுபடி முள்ளைப் பார்த்தார்.

“உருகலையே. வயசுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கா. வீட்டு மெஷின் தப்பு காட்டுதோ என்னவோ.”

அம்மா மெதுவாகத் திரும்பினாள். பீப்பா கூரையில் சுற்றுகிற மின்விசிறியை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா தினமும் எடை பார்த்துச் சாப்பாடு போடுகிற கதையைச் சொன்னபோது, பாதியிலேயே டாக்டரம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கடைக்குட்டியைப் பார்த்து, “காலைல என்ன சாப்பிட்ட?” என்றார். “மதியம்?” என்றார். இரண்டாவது கேள்விக்குக் கடைக்குட்டி அக்காவைப் பார்த்தாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. “அந்த மெஷின் வீட்ல வேணாம்” என்றார் அம்மாவிடம். “எல்லாரும் ஒரே சாப்பாடு சாப்பிடுங்க. பாட்டில் ஜூஸ், பிஸ்கட் மட்டும் வாங்கி வைக்காதீங்க. பள்ளிக்கூடம் விட்டதும் வெயில்ல ஓடட்டும். எடைய நான் பாத்துக்கறேன், ஆறு மாசத்துக்கு ஒருக்கா. பயமுறுத்தி யாரும் இளைக்க வேண்டாம்.”

பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். கடைக்குட்டி கொஞ்சம் தள்ளி, நடைபாதைக் கல்லில் ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தாள்.

“நீதானே திருகின?”

“ஆமா.”

அடி விழும் என்று பீப்பா எதிர்பார்த்தாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“ஒண்ணு எடை பத்தாமப் போச்சு. ஒண்ணு எடை கூடி இப்படி ஆச்சு. நான் எந்தத் தராசுலடி போய் நிக்கிறது?”

அம்மா அந்த முதல் குழந்தையைப் பற்றிப் பேசி பீப்பா கேட்பது அதுதான் முதல் தடவை. ஒரு பஸ் வந்தது. அவர்களுடையது அல்ல. அது போகும் வரை பீப்பாவுக்கு நேரம் கிடைத்தது.

“நீ மொதல்ல எறங்குமா” என்றாள். “எங்க லாண்டரில மூட்டைய வண்டியோட ஏத்துவோம். ஆனா வண்டியக் கழிச்சிட்டுத்தான் எழுதுவோம். வண்டியையும் சேத்து எழுதினா கஞ்சி கொன்னுடுவாரு. நீ என்னடான்னா வைரஸ், பரம்பரை, வெயிலு, எல்லாத்தையும் சேத்து உன் கணக்குல எழுதிக்கிற.”

“அப்ப என் பங்கு ஒண்ணுமே இல்லங்கிறியா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வந்தது. ஆனால் எத்தனையோ பொய் சொன்ன பீப்பாவுக்கு அன்று அது வரவில்லை.

“இருக்கலாம். ஒரு நாப்கின் அளவு இருக்கும். பசிக்குதுன்னு நான் கேக்காதப்பவும் போட்ட, அது இருக்கும். மிச்சம் உன்னுது இல்ல.”

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். “அந்தச் சக்கரத்த இன்னொரு தடவ தொட்ட, கைய ஒடிப்பேன்” என்றாள். அவர்களுடைய பஸ் வந்துவிட்டது.

எடை மெஷினைப் பீப்பா சலவைக் கூடத்துக்குத் தூக்கிப் போய்விட்டாள். முள்ளை அவள் சரிசெய்யவே இல்லை. கஞ்சி தினமும் அதில் ஏறி நின்றுவிட்டு, நடைப்பயிற்சியில் தான் நன்றாக இளைத்து வருவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பீப்பாவின் இடது கால் சில நாட்களில் மரத்துப்போகிறது. அந்த நாட்களில் மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் வந்துவிடுகிறது.

மெஷின் போன அன்று சாயங்காலம் அம்மா பீரோவுக்குப் பின்னாலிருந்து போட்டோவை உருவி, துடைத்து, ஸ்டூலில் ஏறி மாட்டினாள். கடைக்குட்டி அண்ணாந்து பார்த்தாள்.

“அக்காவுக்குக் கழுத்தே இல்ல.”

“முதல் பரிசுடி அது. கழுத்து இருக்கறவங்களுக்கெல்லாம் தர மாட்டாங்க” என்றாள் பீப்பா.

அம்மா ஸ்டூலிலிருந்து இறங்காமலே, “நல்ல கண்ண மூடிக்க” என்றாள் பீப்பாவிடம். “ரிப்பன் என்ன கலர்?”

பீப்பா வலது கண்ணைக் கையால் பொத்தினாள். சந்தனக் கலர் என்று சொல்ல நாக்கு துடித்தது. அம்மாவின் கை ஸ்டூல் மேலே சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“சிவப்புதான்மா. ரெண்டு மூணு தடவ துவைச்ச சிவப்பு.”

அம்மா தலையாட்டிவிட்டு இறங்கினாள். அப்பா எழுந்து வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எல்லாத் தட்டிலும் ஒரே அளவு. கடைக்குட்டி தன்னுடையதைத் தின்று முடித்துவிட்டு, தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் வேணும்மா. பசிக்குது.”

அம்மாவின் கை சட்டிக்கு மேலே நின்றது. பீப்பா மெல்லுவதை நிறுத்தினாள்.

பிறகு கரண்டி சட்டிக்குள் இறங்கியது. அள்ளிப் போட்டாள். ஒரு கரண்டி. “போதுமா?” என்று கேட்டுவிட்டு, கடைக்குட்டி பதில் சொல்லும் வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தாள்.